கொசுவலைக்குள் செம்பருத்தி

“குருவே, என் வீட்டுக்காரிக்கு ஒறக்கம் வர மாட்டேங்குது.”

பகவதியம்மை ஆட்டுக்குக் கஞ்சித் தண்ணி வைத்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

“குருவேன்னு இன்னொருக்கக் கூப்பிட்டீயன்னா இந்தக் கஞ்சித் தண்ணி ஒங்க தலையில. வைத்தியரம்மான்னு கூப்பிடுங்க, இல்ல பகவதின்னு கூப்பிடுங்க. வயசுல நான் ஒங்களுக்கு எளையவ.”

“சரி குருவே,” என்றார் பூதலிங்கம்.

அவர் அப்படித்தான். ஒன்றைப் பிடித்தால் விடமாட்டார்.

பூதலிங்கத்துக்கு ஊர் ஆரல்வாய்மொழி. பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்தவர். வாழ்நாள் முழுக்க அவர் வாயில் ஒரே வார்த்தைதான். ‘ஆச்சா?’ டிரைவர் சாயா குடித்தால் ‘ஆச்சா?’ கண்டக்டர் ஒதுங்கப் போனால் வெளியே நின்றுகொண்டு ‘ஆச்சா?’ விசில் ஊதி வண்டியைக் கிளப்பிவிட்டால்தான் மனுஷனுக்கு மூச்சே வரும்.

வயசாயிற்று, ஓய்வு கொடுத்தார்கள். விசிலைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். அந்த வார்த்தையை வாங்கி வைக்க மறந்துவிட்டார்கள்.

வீட்டில் கிளப்பிவிட வண்டி ஏது? பெண்டாட்டி பிரமநாயகிதான் இருந்தாள்.

“ஒறக்கம் வரலன்னா, எப்படி?” என்று கேட்டாள் பகவதியம்மை.

“ராத்திரி படுத்ததும் கேப்பேன், ‘பிரமு, ஒறங்கிட்டியா?’ன்னு. ‘இல்ல’ம்பா. செத்த நேரம் கழிச்சுக் கேப்பேன். அப்பவும் ‘இல்ல’. விடிய விடியக் கேட்டாலும் இல்லன்னேதான் சொல்லுதா, பாவம்.”

பகவதியம்மை இப்போது திரும்பிப் பார்த்தாள். ஆடும் பார்த்தது.

“இப்ப அவ எங்க?”

“கோட்டார்ல, தங்கச்சி வீட்டுல.” பூதலிங்கத்தின் குரல் இறங்கிவிட்டது. “கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா.”

“போகும்போது என்ன சொன்னா?”

பஸ் படிக்கட்டில் ஏறி நின்றுகொண்டுதான் சொன்னாள். ‘மனுசிய செத்த நேரம் சும்மா இருக்க விட மாட்டியளா! எனக்கு என்னைக்கு ஒறக்கம் வருதோ, அன்னைக்குத்தான் இந்த வீட்டுக்கு வருவேன்.’

இரண்டும் பூதலிங்கத்தின் காதில் விழுந்தன. முதலில் சொன்னது கோபத்தில் சொன்னது, அதை விட்டுவிடலாம் என்று அவரே தீர்மானித்துக்கொண்டார். அடுத்ததுதான் விஷயம். ஒறக்கம் வந்தால் வருவாள். ஒறக்கத்துக்கு மருந்து உண்டு. மருந்துக்குத் தோவாளையில் பகவதியம்மை உண்டு. அந்த மட்டில் கணக்கு சரிதான்.

“அவ இல்லாம வீடு வீடாவே இல்ல குருவே,” என்றார். “நானே ஒல வச்சு, நானே சோறு வடிக்கேன். அடுப்பப் பாத்து ஆச்சான்னு கேட்டா, பதில் சொல்ல ஒரு நாதி இல்ல.” கண் கலங்கிவிட்டது. தோளில் கிடந்த துண்டால் துடைத்துக்கொண்டார்.

பகவதியம்மைக்கும் கொஞ்சம் இரக்கம் வந்தது. கொஞ்சம்தான்.

“வீட்டுல செம்பருத்தி நிக்குதா?”

“கெணத்தடியில நிக்குது. அவ வச்சதுதான்.”

“அந்தப் பூவப் பறிச்சு, காயவச்சுக் கொண்டு வாங்க. கசாயம் நான் போட்டுத் தாரேன். கடையில வாங்கின பூ ஆகாது. ஒங்க கையால காயணும்.”

“எப்ப ஆகும்?”

“ஆனதும் ஆகும்.”

இப்படி ஒரு நேரத்தை அவர் எந்த டைம்டேபிளிலும் பார்த்ததில்லை.

*

முதல் தடவை மொட்டைமாடியில் போட்டார். நல்ல உச்சி வெயில். சீக்கிரம் காயட்டும் என்று சிமெண்டுத் தரையிலேயே பரப்பினார்.

ஆரல்வாய்மொழியில் ஆடிக் காற்று எப்படி என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். குடை பிடித்துப் போகிறவனைக் குடை பிடித்துக்கொண்டு போகும். அத்தனை காற்றாலையும் அங்கே வந்து வரிசையாக நிற்பது சும்மாவா?

பூதலிங்கம் மாடிப்படி இறங்கி, மோர் குடித்துவிட்டு, ‘ஆச்சா’ என்று பார்க்க ஏறினார். பாதிப் பூவைக் காணோம். மிச்சம் இருந்தது தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் ஒண்டிக்கிடந்தது. சிவப்பெல்லாம் போய், பழைய துணி மாதிரி வெளிறியிருந்தது.

இருந்ததைப் பொறுக்கி ஒரு பையில் போட்டு, அடுத்த பஸ்ஸில் தோவாளைக்குப் போனார்.

பகவதியம்மை ஒரு இதழை எடுத்து மோந்தாள். பையை அப்படியே ஆட்டுக்கு முன்னால் கவிழ்த்தாள். ஆடு நிதானமாகத் தின்று முடித்தது.

“குருவே! அது மருந்து!”

“வைக்கோல்,” என்றாள் பகவதியம்மை. “வெயிலு எல்லாத்தையும் குடிச்சிட்டு. நிழல்ல போடுங்க.”

*

நிழல்தானே? அதற்கென்ன குறை. நெல்லுப் பத்தாயம் இருந்த உள்ளறை பட்டப்பகலிலும் இருட்டாக இருக்கும். அதில் போட்டார். காற்று தூக்கிக்கொண்டு போகாமல் இருக்க ஜன்னலைச் சாத்தினார். கதவைச் சாத்தினார். கதவிடுக்கில் சாக்கைத் திணித்தார். பூவைப் பரப்பவும் இல்லை, குவித்தே வைத்தார். ஒன்றாக இருந்தால் ஒன்றாகக் காயும் என்று ஒரு நினைப்பு.

இடையிடையே கோட்டாருக்குப் போன் போட்டார்.

“பிரமு, ஒறங்கிட்டியா?”

“இப்பத்தான் கண்ண மூடினேன்.”

“அப்ப ஒறக்கம் வரலியா?”

அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள்.

சரி, மருந்துதான் வழி என்று பூதலிங்கம் உள்ளறைக் கதவைத் திறந்தார். ஒரு வாடை வந்தது. மழைக்காலத்தில் செருப்புக்குள் வருமே, அந்த வாடை. குவியலின் மேலே வெள்ளையாகப் பூஞ்சை பூத்திருந்தது.

அதையும் கொண்டுபோனார். மனுஷனுக்கு நம்பிக்கை ஜாஸ்தி.

பகவதியம்மை மோந்துகூடப் பார்க்கவில்லை. பையை ஆட்டின் பக்கம் நீட்டினாள். ஆடு ஒரு தடவை மோந்துவிட்டு, கட்டிய கயிறு எவ்வளவு தூரம் விடுமோ அவ்வளவு தூரம் விலகிப்போய் நின்றது.

“காத்து வேணும் அண்ணாச்சி. பூவுக்கும் மூச்சு முட்டும்.”

“காத்துல போட்டா பறக்கு, பூட்டி வச்சா பூக்கு. ரெண்டுங்கெட்டான் சோலியால்லா இருக்கு!”

“போயிட்டு வாங்க,” என்றாள் பகவதியம்மை.

*

மூன்றாவது தடவை நடந்ததை விரிவாகச் சொன்னால் பூதலிங்கத்துக்குத்தான் மானக்கேடு. சுருக்கமாகச் சொல்கிறேன். நடுக்கூடத்தில் வேட்டியை விரித்து, பூவைப் பரப்பி, காற்று வேண்டும் என்று சீலிங் ஃபேனை முழு வேகத்தில் வைத்து, அதுவும் போதாது என்று ஜன்னலையும் திறந்தார்.

பக்கத்து வீட்டுச் சுயம்புக்கனி கரண்டியோடு வாசலுக்கு வந்தாள்.

“அண்ணாச்சி, எங்க மீன்கொழம்புல ஒங்க செம்பருத்தி கெடக்கு.”

“கொழம்பு ஆச்சா?” என்று கேட்டார் பூதலிங்கம், பழக்கதோஷத்தில்.

சுயம்புக்கனி கரண்டியை ஆட்டியபடி சொன்னதை இங்கே எழுத முடியாது.

அன்றைக்கு வெறும் கையோடு தோவாளைக்குப் போனார். நடந்ததைச் சொன்னதும் பகவதியம்மை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, உள்ளே போய் ஒரு பழைய கொசுவலையை எடுத்து வந்து அவர் மடியில் போட்டாள்.

“காம்பக் கிள்ளி, இதழ் இதழாப் பிரிச்சுக்கிடுங்க. கயித்துக் கட்டில்ல ஒரு துணி விரிச்சு, ஒண்ணு மேல ஒண்ணு ஏறாமப் போடணும். அடியிலயும் காத்து போகணும்லா? மேல இந்த வலையக் கட்டுங்க. ஜன்னல ஒருக்களிச்சுத் தெறந்து வைங்க. தொட்டா கருவாட்டுச் செதிலு மாதிரிச் சலசலங்கணும். அம்புட்டுத்தான்.”

பூதலிங்கத்துக்குக் கோபம் வந்துவிட்டது. “இத மொதல்லயே சொல்லிருக்கலாம்லா?”

“எப்ப ஆகும்னுதான் கேட்டீய. எப்படின்னு ஒரு தடவகூடக் கேக்கலியே அண்ணாச்சி.”

*

இந்தத் தடவை எல்லாம் ஒழுங்காகச் செய்தார். சும்மா சொல்லக்கூடாது, அழகாகவே செய்தார். வலை கட்டின கட்டில் ஒரு குட்டிக் கல்யாணப் பந்தல் போல இருந்தது. உள்ளே இதழ்கள் ஒன்றையொன்று இடிக்காமல் கிடந்தன. நிழல், அளவான காற்று, ஒரு குறையும் இல்லை.

ஒரே ஒரு குறை. பக்கத்தில் பூதலிங்கம் இருந்தார். ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்.

வலையைத் தூக்கி ஒரு இதழை நசுக்கிப் பார்த்தார். ஈரம். இன்னொன்றைத் திருப்பிப் போட்டார். அது சரியில்லை என்று மறுபடியும் திருப்பினார். ஒன்றைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். ஒன்றைக் காதருகே கொண்டுபோய்ச் சலசலக்கிறதா என்று கேட்டார். பல் விளக்கும்போது ஒரு தடவை, குளித்து ஈரக் கையோடு ஒரு தடவை, சாப்பிட்டு எழுந்து ஒரு தடவை. ராத்திரி டார்ச் அடித்தும் பார்த்தார்.

“ஆச்சா?” என்று பூவிடமே கேட்டார்.

நடுவில் கோட்டாருக்குப் போன். “பிரமு, பூ காஞ்சுக்கிட்டிருக்கு. ஒனக்கு ஒறக்கம் எப்படி இருக்கு?”

“இருந்துது,” என்றாள் பிரமநாயகி. “இப்ப இல்ல.”

இதழ்கள் கறுத்தன. விரல் பட்ட இடமெல்லாம் தடம் விழுந்து, ஓரம் சுருண்டு, நைந்துபோயின. ஒன்றுகூடச் சலசலக்கவில்லை.

*

பகவதியம்மை அந்தக் கறுத்த இதழ்களைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். ஆட்டிடம் கொடுக்கவில்லை.

“இத எத்தன தடவ தொட்டீய?”

“பாத்துக்கிட்டுத்தானே இருக்கணும் குருவே? விட்டா கெட்டுப்போகாதா? எம்புட்டுக் கரிசனமாப் பாத்தேன் தெரியுமா? பெத்த பிள்ளையக்கூட அப்படிப் பாத்தது இல்ல. பெறகும் ஏன் இப்படி? எனக்குக் கைராசி இல்லியா? அவ வரவே மாட்டாளா?”

முற்றத்தில் வேப்பமரத்தடியில் ஒரு கயிற்றுக் கட்டில் கிடந்தது. பகவதியம்மை அதைக் காட்டினாள்.

“அதுல செத்த நேரம் படுங்க அண்ணாச்சி.”

“எதுக்கு?”

“அலைஞ்சு திரிஞ்சு வந்திருக்கீய. படுங்க.”

குரு சொன்னால் தட்டலாமா? படுத்தார். நல்ல நிழல். வேப்பங்காற்று பைய வந்து முகத்தில் பட்டது. எத்தனையோ நாள் கழித்து உடம்பு கொஞ்சம் தளர்ந்தது. கண் சொருகியது.

யாரோ அவர் கன்னத்தைக் கிள்ளினார்கள்.

கண்ணைத் திறந்தார். பகவதியம்மை குனிந்து நின்றாள்.

“ஆச்சா?”

“என்ன ஆச்சா?”

“ஒண்ணுமில்ல. படுங்க.” போய்விட்டாள்.

அவர் மறுபடியும் கண்ணை மூடினார். கொஞ்சம் அசந்ததும் வலது கையை யாரோ தூக்கிப் புரட்டிப் போட்டார்கள். சரியில்லை என்று திரும்பவும் புரட்டினார்கள்.

“ஆச்சா?”

“குருவே, இப்பத்தான்...”

“சரி சரி, படுங்க.”

அடுத்து வந்து உச்சந்தலையை மோந்து பார்த்தாள். “இன்னும் ஈரம்,” என்று தனக்குள் சொல்லிக்கொண்டு போனாள். அப்புறம் ஈரக் கையோடு வந்து காதைப் பிடித்து இழுத்து, விட்டு, காது தானாக நிற்கிறதா என்று பார்த்தாள். அடுத்த தடவை, “குப்புறப் படுங்க, அந்தப் பக்கம் காயணும்,” என்றாள். பாவம், அதையும் செய்தார்.

குப்புறப் படுத்தவரின் முதுகில் பகவதியம்மை விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தாள். இந்தப் பக்கம் ஆடு வந்து அவர் துண்டை மோந்தது.

“ஆச்சா அண்ணாச்சி?”

பூதலிங்கம் துள்ளி எழுந்தார். வேட்டி அவிழ்ந்தது, கவனிக்கவில்லை. முகமெல்லாம் சிவந்து, கையிரண்டையும் விரித்து, தெருவே கேட்கும்படி கத்தினார்.

“மனுசன செத்த நேரம் சும்மா இருக்க விட மாட்டியளா!”

கத்திவிட்டு அப்படியே நின்றார்.

பகவதியம்மை அடுக்களைக்குள் போய்விட்டாள். முற்றத்தில் ஆடு மட்டும் நின்றது. வேப்பிலை ஒன்று அவர் தோளில் விழுந்தது. அதை அவர் தட்டிவிடவில்லை.

பஸ் படிக்கட்டும், பிரமநாயகியின் கையில் இருந்த பையும், அவள் கண் சிவந்திருந்ததும் ஞாபகம் வந்தன. கோபத்தில் சொன்னது என்று தான் விட்டுவிட்ட அந்த முதல் பாதியும் வந்தது. மெள்ளக் கட்டிலில் உட்கார்ந்தார். வெட்கமாக இருந்தது. ரொம்ப நேரம் தலையைக் குனிந்துகொண்டே இருந்தார்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. “சாயா போடட்டுமா அண்ணாச்சி?”

“வேண்டாம் பகவதி,” என்றார். “நான் போயிட்டு வாரேன்.”

வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு கிளம்பினார்.

*

கிணற்றடிச் செம்பருத்தி நிறையப் பூத்திருந்தது. பறித்தார். காம்பு கிள்ளினார். இதழ் பிரித்தார். கட்டிலில் பரப்பி, கொசுவலை கட்டி, ஜன்னலை ஒருக்களித்து வைத்தார். அறையை விட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினார்.

கை நமநமவென்று அரித்தது. கையைக் கட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். அங்கே ஒரு வண்டி நேரம் தப்பி வந்தது. டிரைவர் இறங்கிச் சாவகாசமாகச் சாயா குடித்தான். பூதலிங்கம் எதிர் பெஞ்சில் உட்கார்ந்து உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். டிரைவர் அவரை அடையாளம் கண்டு பயந்துபோய், பாதிச் சாயாவை வைத்துவிட்டு ஓடப் பார்த்தான்.

“இரு மக்கா,” என்றார் பூதலிங்கம். “பைய குடி.”

டிரைவருக்கு அதற்கப்புறம் சாயா இறங்கவில்லை.

வீட்டுக்கு வந்தால் போன் மேஜை மேல் கிடக்கும். அதைப் பார்ப்பார். அது அவரைப் பார்க்கும். எடுத்து உள்ளே ஒரு பானைக்குள் வைத்து மூடினார். பூ காயும் அறைக் கதவைத் தாண்டிப் போகும்போது மட்டும் நடை தானாக நிற்கும். நின்று, ஒரு பெருமூச்சு விட்டு, போய்விடுவார்.

அப்படி நாட்கள் போயின. அவர் எண்ணவில்லை, நானும் எண்ணவில்லை.

ஒரு மத்தியானம் பூதலிங்கம் கூடத்தில் துண்டை விரித்துப் படுத்து, வாயைத் திறந்துகொண்டு ஒறங்கினார். வாசலில் யாரோ பையைப் பொத்தென்று போடும் சத்தம் கேட்டது.

பிரமநாயகி நின்றாள். தலையெல்லாம் காற்று கலைத்திருந்தது.

“உயிரோடதான் இருக்கீயளா?”

பூதலிங்கம் எழுந்து உட்கார்ந்தார்.

“போனு வரல, வரலன்னு பாத்துக்கிட்டே கெடந்தேன். மொத ராத்திரி நல்லா ஒறங்கினேன். அடிச்சுப் போட்டாப்பில ஒறங்கினேன். மறுநாளும் ஒறங்கினேன். பெறகு, மனுசனுக்கு என்னமும் ஆயிட்டோன்னு நெஞ்சு பதறி, ஒறக்கமே போச்சு. போனு எங்க?”

“பானைக்குள்ள.”

“பானைக்குள்ளயா?”

“ஆமா.”

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். எந்த பஸ்ஸில் வந்தாய், அதை நேரத்துக்கு எடுத்தானா, ஏன் சொல்லாமல் வந்தாய் என்று எத்தனையோ கேள்வி அவர் தொண்டைவரை வந்து நின்றது. எச்சிலோடு சேர்த்து விழுங்கினார்.

“வந்துட்டியே,” என்றார். அதற்கே கண்ணில் தண்ணி வந்துவிட்டது.

பிரமநாயகி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். சாத்திய கதவைத் தள்ளினாள். அரையிருட்டில் கட்டில் தெரிந்தது, அதன் மேல் வலை. வலைக்குள் தன் கிணற்றடிச் செம்பருத்தி.

“இது என்னது?”

“ஒனக்குத்தான். ஒறக்கத்துக்கு. பகவதி கசாயம் போட்டுத் தாரேன்னா.”

அவள் குனிந்து வலைக்குள் பார்த்தாள். பிறகு அவரைத் திரும்பிப் பார்த்துக் கேட்டாள்.

“ஆச்சா?”

பூதலிங்கம் தலையைச் சொறிந்தார்.

“தெரியல பிரமு. நான் பாக்கல.”

பிரமநாயகி விறுவிறுவென்று வந்து, அவர் நெற்றியில் கை வைத்துக் காய்ச்சல் அடிக்கிறதா என்று பார்த்தாள்.